திருட்டு முழி

வேலை முடிந்து வந்து வீட்டுக் கதவைத் திறக்கிறீர்கள். கூடத்துக் கம்பளத்தின் நடுவில் ஈரம். சோபாவுக்கு அடியிலிருந்து மூன்று மாதக் குட்டி எட்டிப் பார்க்கிறது. காது பின்னால் மடங்கியிருக்கிறது, வால் கால்களுக்கு நடுவே போய்விட்டது, கண் உங்கள் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறது. "தப்பு பண்ணுனது அதுக்கே தெரியுது பாருங்க, என்னா திருட்டு முழி முழிக்குது!" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.

சரி, தப்பு என்று அதற்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். பிறகு ஏன் நாளைக்கும் அதே கம்பளத்தில், அதே மூலையில் போகிறது? திமிரா, மறதியா, விட்டுப்போனதற்குப் பழிவாங்குகிறதா? இல்லை, அந்த முழியை நாம் படித்த விதமே பிழையா? குட்டியை எப்படிப் பழக்குவது என்ற பேச்சை இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. இதற்குத் தவறான பதிலை வைத்துக்கொண்டு தொடங்கினால், பின்னால் செய்வதெல்லாம் தவறிப்போகும்.

பதினான்கு நாய்களும் ஒரு பிஸ்கட்டும்

நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் நாய்களின் அறிவை ஆராய்கிறவர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ். அவர் 2009-இல் வெளியிட்ட சோதனை எளிமையானது, கொஞ்சம் குறும்பானதும்கூட. 14 வீட்டு நாய்கள். சொந்தக்காரர் ஒரு பிஸ்கட்டைக் காட்டி, "சாப்பிடக் கூடாது" என்று சொல்லிவிட்டு அறையைவிட்டு வெளியே போக வேண்டும். அவர் இல்லாத நேரத்தில் சில முறை நாய் பிஸ்கட்டைத் தின்றது. சில முறை தின்னவில்லை. திரும்பி வந்த சொந்தக்காரரிடம் ஆய்வாளர் சில முறை உண்மையைச் சொன்னார், சில முறை பொய் சொன்னார். "தின்றுவிட்டது" என்று கேள்விப்பட்டவர் நாயைத் திட்டினார். "தின்னவில்லை" என்று கேள்விப்பட்டவர் கொஞ்சினார்.

இப்போது நான்கு வகை நாய்கள் கிடைத்துவிட்டன: தின்று திட்டு வாங்கியவை, தின்றும் கொஞ்சப்பட்டவை, தின்னாமல் கொஞ்சப்பட்டவை, ஒரு பாவமும் அறியாமல் திட்டு வாங்கியவை. எல்லாம் வீடியோவில் பதிவாயின. காது மடக்குவது, வாலைத் தாழ்த்துவது, பார்வையைத் திருப்புவது, நக்குவது என்று திருட்டு முழியின் அங்கங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்கள். நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் முழிக்கும் தொடர்பு காணப்படவில்லை. திட்டு விழுந்ததா என்பதோடுதான் தொடர்பு இருந்தது. எல்லாவற்றையும்விட அதிகமாக முழித்தவை, சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டு அநியாயமாகத் திட்டு வாங்கிய நாய்கள்.

ஆக, அந்த முழி ஒப்புதல் வாக்குமூலம் இல்லை. எதிரே இருப்பவரின் குரல், நிற்கும் தோரணை, நெற்றிச் சுருக்கம் இவற்றைப் பார்த்து, "வம்பு வேண்டாம், நான் சின்னவன்" என்று நாய் சொல்லும் சமாதானம். நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே அப்படி முழிக்கிறதே என்பீர்கள். அதற்குத்தான் அடுத்த பகுதி.

ஒரு நொடியின் நீளம்

1898-இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற இளம் அமெரிக்கர், பசித்த பூனைகளை மரப்பெட்டிகளில் அடைத்து, வெளியே தீனியை வைத்தார். உள்ளே ஒரு கயிற்றையோ மிதிப்பலகையையோ சரியாக அசைத்தால் கதவு திறக்கும். பூனை பிராண்டும், கடிக்கும், கத்தும். தற்செயலாக ஒரு முறை கால் பட்டுக் கதவு திறக்கும். மறுபடி மறுபடி அடைத்தபோது வெளியே வர எடுத்துக்கொண்ட நேரம் மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரே நாளில் 'அட, புரிந்துவிட்டது' என்ற திருப்பம் எதுவும் இல்லை. நல்ல விளைவு தந்த அசைவுகள் நிலைத்தன, மற்றவை உதிர்ந்தன. இதைப் பலன் விதி என்று அழைப்போம். செயலைத் தொடர்ந்து உடனே வரும் பலன்தான் அந்தச் செயல் மறுபடி நடக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

அந்த 'உடனே' எவ்வளவு என்பதில்தான் வீட்டுக்காரர்கள் தவறுகிறார்கள். ஓரிரு நொடி என்றால் நல்லது. அதற்கு மேல் ஒவ்வொரு நொடிக்கும் தொடர்பு தளரும், ஏனென்றால் நடுவில் குட்டி வேறு ஏதாவது செய்துவிடுகிறது.

மாலை 3 மணிக்குக் கம்பளத்தில் சிறுநீர் போன குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் தூங்கியது, செருப்பைக் கடித்தது, தண்ணீர் குடித்தது, ஜன்னலில் குரங்கைப் பார்த்துக் குரைத்தது. 6 மணிக்கு உங்கள் வண்டிச் சத்தம் கேட்டு வாலை ஆட்டிக்கொண்டு கதவுக்கு ஓடிவந்தது. அப்போது திட்டு விழுகிறது. எந்தச் செயலுக்கு? அதன் கணக்கில், ஓடிவந்து வரவேற்றதற்கு. சில நாள் இப்படிப் போனால் அது இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறது: தரையில் ஈரமும் வாசலில் மனிதரும் ஒரே சமயத்தில் இருந்தால் ஆபத்து. நீங்கள் பேசுவதற்கு முன்பே அது சோபாவுக்கு அடியில் போவது இதனால்தான்.

மூக்கை ஈரத்தில் தேய்த்துத் தண்டிக்கும் பழைய வழக்கம் இதைவிட மோசமான பாடம் நடத்துகிறது. 'மனிதர் பார்க்கும்போது போகக் கூடாது' என்று குட்டி கற்கிறது. பிறகு தோட்டத்தில் அரைமணி நேரம் நிறுத்தினாலும் உங்கள் முன்னால் போகாது. உள்ளே வந்ததும், நீங்கள் காபி போடப் போன நேரத்தில், பீரோவுக்குப் பின்னால் காரியத்தை முடிக்கும். வீட்டார் இதற்குக் 'கள்ளத்தனம்' என்று பெயர் வைப்பார்கள். அதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று யோசிப்பதில்லை.

நாயுடுபுரத்தில் ஒரு நவம்பர்

இனி ஒரு வீட்டை எடுத்து விரிவாகப் பார்க்கலாம். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் சின்ன ஓட்டு வீடு என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம், நவம்பர் மாதம், வடகிழக்குப் பருவமழை, மதியம் இரண்டு மணிக்கே தெருவை மூடும் மேகமூட்டம். கீழே சமவெளியிலிருந்து ஒன்பது வாரக் குட்டி ஒன்று வந்திருக்கிறது. பெயர் சீனி. கொல்லைக் கதவைத் திறந்தால் சாரல் முகத்தில் அடிக்கிறது. சீனி ஒரு பாதத்தை வெளியே வைத்துவிட்டு உள்ளே ஓடிவிடுகிறது. உள்ளே கதகதப்பான கம்பளம்.

முதலில் சீனியின் உடம்பு. பிறந்த முதல் மூன்று வாரம் தாய் நக்கிவிட்டால்தான் குட்டிகள் சிறுநீர், மலம் கழிக்கும். கூட்டைச் சுத்தம் செய்வதும் அவளே. பிறகு குட்டிகள் தாமாகவே படுக்கையைவிட்டு நகர்ந்துபோய்க் கழிக்கத் தொடங்குகின்றன. 'படுக்கும் இடத்தில் போகக் கூடாது' என்ற பாதிப் பாடம் அதற்கு ஏற்கெனவே தெரியும் என்று பொருள். மீதிப் பாதி மட்டும் நம் பொறுப்பு: இந்த வீடு முழுவதும் படுக்கும் இடம்தான் என்று புரியவைப்பது.

இதே வாரங்களில் இன்னொன்றும் நடக்கிறது. காலுக்கு அடியில் எது இருக்கும்போது கழித்ததோ, அந்தப் பரப்பின் மீது குட்டிக்கு ஒரு பற்று உண்டாகிறது. இதைத் தரைப்பற்று என்போம். சீனி முதல் எட்டு வாரத்தைப் புல்லிலும் வைக்கோலிலும் கழித்திருந்தால், அதன் பாதத்துக்குக் கம்பளமும் மெத்தென்ற புல்தான். நாம் கம்பளத்தின் விலையை நினைக்கிறோம். அது புல்லைக் கண்ட நிம்மதியில் இருக்கிறது. எனவே முதல் வேலை, கம்பளத்தைச் சுருட்டிப் பரணில் போடுவது. குளிருக்குச் சாக்குமெத்தையை அதன் படுக்கையில் மட்டும் போட்டால் போதும்.

இரண்டாவது வேலை நேரம் பார்ப்பது. எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், பகலில் குட்டியால் அடக்க முடிகிற அதிகபட்ச மணி நேரம் தோராயமாகக் கிடைக்கும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம், அதுவும் தூங்கிக்கொண்டிருந்தால். விழித்திருக்கும் குட்டிக்கு அவ்வளவு தாங்காது. தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்ட சில நிமிடங்களிலும் கட்டாயம் வெளியே போக வேண்டும். இரைப்பை நிறைந்ததும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும். கைக்குழந்தை பால் குடித்ததும் துணியை நனைப்பதை அறிந்த வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூக்கைத் தரையில் வைத்து வட்டமடித்தால் நேரம் நெருங்கிவிட்டது.

மூன்றாவது, மழை. செய்தித்தாள் விரித்துப் பழக்குங்கள் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. தரைப்பற்று தாளின் மேல் உண்டானால், அப்பா படித்துவிட்டுக் கீழே போட்ட ஞாயிறு மலருக்கும் அதே கதிதான். அதைவிட, தாழ்வாரத்தில் சாரல் படாத மூலையில் ஓர் அகன்ற தட்டில் மண்ணோடு பெயர்த்த புல்லைப் பரப்பிவைக்கலாம். மழை விட்டதும் அதே புல் தோட்டத்திலும் இருக்கும். பாடத்தை மாற்றிச் சொல்லித்தர வேண்டாம்.

இப்போது அந்த ஒரு நொடி. சீனியைத் தூக்கிக்கொண்டு புல் தட்டுக்குப் போகிறீர்கள். பேசாமல் நிற்கிறீர்கள். அது முகர்கிறது, சுற்றுகிறது, உட்காருகிறது, போகிறது. முடித்து எழும் கணத்தில் "சபாஷ்!", கையோடு ஒரு சின்னத் துண்டு வேகவைத்த கோழி. வீட்டுக்குள் திரும்பிவந்த பிறகு டப்பாவைத் திறந்து கொடுத்தால் அந்தத் துண்டு 'உள்ளே வந்ததற்கு' கூலியாகிவிடும். அதனால் தீனி உங்கள் ஸ்வெட்டர் பையில் இருக்க வேண்டும். முடித்த உடனே உள்ளே தூக்கிவந்துவிடவும் கூடாது. போனால் விளையாட்டு முடிந்துவிடும் என்று தெரிந்துகொண்டால் குட்டி வேண்டுமென்றே அடக்கிவைக்கும். இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள்.

தவறு நடக்கத்தான் செய்யும். கண்ணெதிரே நடந்தால் மெல்லக் கைதட்டி நிறுத்தித் தூக்கிப்போய் புல்லில் விடுங்கள். நடந்து முடிந்திருந்தால் துடைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். துடைப்பதிலும் ஒரு சங்கதி உண்டு. பினாயில் வாசனை நம் மூக்கைத்தான் ஏமாற்றும். அதற்கு அடியில் சிறுநீரின் வாசம் குட்டிக்குத் தெரியும், 'இங்கேதான்' என்று கூப்பிடும். சிறுநீரைச் சிதைக்கும் நொதி கலந்த துடைப்பு நீர் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. தரையை நக்கித் திரியும் குட்டிக்குக் கறுப்பு பினாயில் எப்படியும் ஆகாது.

இரவில் ஒரு முறையாவது எழ வேண்டியிருக்கும். பத்து டிகிரிக் குளிரில் கதவை மட்டும் திறந்துவிட்டு, "போய்ட்டு வா" என்று அனுப்பத் தோன்றும். சிறுத்தை நடமாடும் இந்தப் பழனி மலைத்தொடரில் அது கூடாது. மகாராஷ்டிரத்தின் அன்றைய அகமத்நகர் மாவட்டத்தில் வித்யா ஆத்ரேயா குழுவினர் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவில், அங்கே சிறுத்தை தின்ற இரையின் எடையில் 39 சதவீதம் நாய். ஊரை ஒட்டி வாழும் சிறுத்தைக்கு நாய் எவ்வளவு எளிய இரை என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம். டார்ச், கழுத்துப் பட்டை, கயிறு, கூடவே நீங்கள். படுக்கையும் உள்ளேதான்.

பூண்டும் சாக்லேட்டும் தவிர

கூலியாக எதைக் கொடுப்பது? கொடைக்கானலின் இரண்டு பெருமைகளையும் முதலில் விலக்கிவிட வேண்டும். கடைக்குக் கடை விற்கும் வீட்டுச் சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்ற பொருளை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றுகிறது. அது தேங்கி இதயத்தையும் நரம்பையும் பாதிக்கும். சாக்லேட் கறுக்கக் கறுக்க ஆபத்து கூடும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது, வெங்காயமும் அப்படியே. ரசத்துச் சோறு போடுகிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

எப்போதும் தீனிதான் வேண்டும் என்பதும் இல்லை. ஐசர் கொல்கத்தா ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு பல ஆண்டுகளாகத் தெருநாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்கிறது. அறிமுகமில்லாத ஒருவர் சில நாய்களுக்குத் தீனி கொடுத்தார், சில நாய்களைத் தடவிக்கொடுத்தார். திரும்பத் திரும்பச் சந்தித்தபோது, அவர் மீது அதிக நம்பிக்கை வைத்தவை தடவிக்கொடுக்கப்பட்ட நாய்கள். 2017-இல் இது வெளியானது. தெருவில் பிறந்த நாய்க்கே இப்படி என்றால், தாயைப் பிரிந்து வந்த குட்டிக்கு உங்கள் உள்ளங்கை எவ்வளவு பெரிய கூலி!

அடிப்பதும் கழுத்தை வெட்டி இழுப்பதும் வேலையே செய்யாது என்று நான் சொல்லவில்லை. சில சமயம் செய்யும். அதற்கு நாய் கொடுக்கும் விலை என்ன என்பதைப் போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களிடம் பார்த்தார்கள். 2020-இல் வெளியான அந்த ஆய்வில், கடுமையாகப் பழக்கப்பட்ட நாய்களின் எச்சிலில், பயிற்சிக்குப் பின் மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் கூடியிருந்தது. இன்னொரு சோதனையும் செய்தார்கள். ஒரு பக்கம் வைத்த கிண்ணத்தில் தீனி இருக்கும், மறுபக்கக் கிண்ணம் காலி என்று நாய்களுக்குப் பழக்கிவிட்டு, கிண்ணத்தை நடுவில் வைத்தார்கள். கடுமையான முறையில் அதிகம் பழகியவை அதை நோக்கித் தயங்கித் தயங்கி நடந்தன. 'அங்கே ஒன்றும் இருக்காது' என்று எதிர்பார்க்கக் கற்றிருந்தன.

பாட்டி போட்ட தோசை

சாப்பாட்டு மேசைக்கு அடியில் நின்று குட்டி முனகுகிறது. யாரும் தீனி போடக் கூடாது என்று வீட்டில் சட்டம். ஆறு நாள் எல்லோரும் மதிக்கிறார்கள். ஏழாம் நாள் பாட்டிக்கு மனசு கேட்கவில்லை. "பாவம்டா, வாயில்லா ஜீவன்" என்று ஒரு விள்ளல் தோசை கீழே விழுகிறது.

தினமும் போட்டிருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது. தினமும் கிடைத்த ஒன்று நின்றால், நின்றுவிட்டது என்று சீக்கிரம் தெரிந்துவிடும். எப்போதாவது மட்டும் கிடைப்பது நின்றால் தெரியாது; இன்னும் கொஞ்சம் முனகிப் பார்க்கலாம் என்றுதான் தோன்றும். இதற்கு இடைவிட்ட பலன் என்று பெயர். பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களிடமும் எலிகளிடமும் காட்டிய இந்த உண்மையால்தான் லாட்டரிச் சீட்டும் விற்றது.

இன்னொரு கண்ணியும் உண்டு. முனகலுக்குப் பலன் முற்றிலும் நின்றதும் அது குறைவதற்கு முன் ஒருமுறை உச்சத்துக்குப் போகும். அணையப்போகும் விளக்கு சுடர்விட்டு எரிகிற மாதிரி. முனகல் ஊளையாகும், முன்னங்கால் மடியில் ஏறும். அந்த நேரத்தில் விட்டுக்கொடுத்தால், ஊளைதான் பலிக்கும் என்று ஆகிவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், கூடவே, மூலையில் அமைதியாகப் படுத்திருக்கும்போது போய்த் தடவிக்கொடுங்கள். நம் வீடுகளில் குட்டி சத்தம் போட்டால்தான் திரும்பிப் பார்க்கிறோம், சும்மா இருந்தால் மறந்துவிடுகிறோம்.

புதுக் குட்டி முதல் இரவுகளில் அழுவது வேறு. அது பேரம் பேசவில்லை, பயந்திருக்கிறது. அதன் படுக்கையை உங்கள் கட்டிலை ஒட்டிப் போட்டால் போதும்.

பதினான்காம் வாரக் கதவு

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள பார் ஹார்பரில், உயர்ந்த வேலி போட்ட வெளியில் குட்டிகளை மனிதர் முகமே காட்டாமல் வளர்த்தார்கள். ஒவ்வொரு தொகுதியையும் ஒவ்வொரு வயதில் வெளியே எடுத்து ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டார்கள். மூன்று வாரக் குட்டி உடனே ஒட்டிக்கொண்டது. ஐந்து வாரக் குட்டி கொஞ்சம் தயங்கியது. ஏழு, ஒன்பது வாரக் குட்டிகளுக்கு இன்னும் நேரம் பிடித்தது. பதினான்கு வாரம் வரை மனிதரைப் பார்க்காதவை அதற்குப் பிறகும் காட்டு விலங்கு போலவே பயந்து ஒதுங்கின. ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகியோர் இதை 1961-இல் வெளியிட்டார்கள். மூன்றாம் வாரம் தொடங்கிப் பதினான்காம் வாரத்தை ஒட்டி மூடும் இந்தக் காலத்தை அறிமுகப் பருவம் எனலாம். அப்போது பார்த்ததெல்லாம் உலகம். பார்க்காததெல்லாம் பிறகு சந்தேகத்துக்கு உரியது.

சிக்கல் என்னவென்றால், தடுப்பூசிகள் முடிவதற்கு முன்பே இந்தப் பருவம் முடிந்துவிடுகிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகள் சில வார இடைவெளியில் பதினாறாம் வாரம் வரை நீளும். வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதம். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்காகக் குட்டியை வீட்டுக்குள் பூட்டினால் பருவம் போய்விடும். தரையில் இறக்காமல் இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டுங்கள்: ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, ஏரிச் சாலைக் குதிரைகள், வாடகைச் சைக்கிள்கள், மழைக்கோட்டுப் போட்டவர்கள், குடை விரியும் சத்தம். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது ஒரு துண்டு தீனி.

"கோம்பை வாங்கியிருக்கோம், அது அப்படித்தான் கடிக்கும்" என்று சிலர் சொல்வதுண்டு. 2022-இல் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த மரபணு ஆய்வில், தனி நாய்களின் குணத்தில் காணும் வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனத்தால் விளக்க முடிந்தது. தேனிப் பக்கத்துக் கோம்பையோ, ராஜபாளையமோ, தெருவில் எடுத்த நாட்டுக் குட்டியோ, அந்தப் பதினான்கு வாரத்துக்குள் என்ன பார்த்தது என்று முதலில் கேளுங்கள்.

காட்டுமாடு நிற்கும் தெரு

கொடைக்கானலில் ஒரு பாடம் மட்டும் மற்ற ஊர்களைவிடக் கட்டாயம்: கூப்பிட்டால் வருவது. சாயங்காலம் வளைவில் திரும்பினால் தெருவில் காட்டுமாடு நிற்கும். வளர்ந்த காளை 700 கிலோவுக்கு மேல். செந்நாய்க் கூட்டத்தை எதிர்த்துப் பழகிய இனம். குரைத்துக்கொண்டு காலைச் சுற்றும் எதையும் அது விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது. அது திரும்பித் துரத்தினால் நாய் ஓடி ஒளியும் இடம் நம் காலடி.

"வா" என்பதற்கு ஒரு சட்டம்தான்: அந்தச் சொல்லுக்குப் பின் கெட்டது எதுவும் நடக்கக் கூடாது. கூப்பிட்டுக் குளிப்பாட்டாதீர்கள், கூப்பிட்டு மாத்திரை கொடுக்காதீர்கள், தாமதமாக வந்ததற்குத் திட்டாதீர்கள். குளிப்பாட்ட வேண்டுமென்றால் நீங்களே போய்த் தூக்கிவாருங்கள். முதலில் கூடத்துக்குள் இரண்டடி தூரத்தில், பிறகு அடுத்த அறையிலிருந்து, பிறகு தோட்டத்தில், கடைசியாகத் தெருவில். ஒவ்வொரு முறையும் வந்து தொட்ட நொடியில் நல்ல கூலி.

இவ்வளவும் செய்து ஐந்தாம் மாதத்தில் சொன்னதும் ஓடிவரும் குட்டி, எட்டாம் மாதத்தில் உங்களைத் திரும்பிப் பார்க்காமல் நின்றால் திகைக்க வேண்டாம். பிரிட்டனில் லூசி ஆஷர் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு மாத நாய்கள் சொந்தக்காரர் சொல்லை ஐந்தாம் மாதத்தில் கேட்டதைவிடக் குறைவாகக் கேட்டன. அதே கட்டளையை அந்நியர் சொன்னபோது நன்றாகவே கேட்டன. பதின்வயதுப் பிள்ளை உள்ள வீடுகள் சிரித்துக்கொள்ளலாம். இது சில மாதத்தில் அடங்கும். அதுவரை, காட்டுமாடு வரும் தெருவில் பத்து மீட்டர்க் கயிறு இல்லாமல் நாயை அவிழ்த்துவிட வேண்டாம்.